மெய்க்கு அரை மாத்திரை

கற்பிட்டி வீதியில் உப்பளங்களைத் தாண்டிப் போனால் கண்ணாடி பதித்த பெரிய கட்டடம் ஒன்று வரும். மேற்குக் கரை உறுப்பு மாற்று உயர் நிலையம் என்று மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறது. ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. கண்ணாடி ஆஸ்பத்திரி என்பார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு வெளியே எல்லாம் தெரியும். வெளியே நிற்பவர்களுக்கு அவரவர் முகம்தான் தெரியும். நிர்வாகமும் ஏறக்குறைய இதே ஏற்பாட்டில்தான் நடக்கிறது.

முன்மண்டபத்தில் ஒரு சிறுநீரகத்தின் வர்ணப் படம் மாட்டியிருக்கிறார்கள். கீழே ‘எமது முதல் வெற்றி’ என்று பொன்னெழுத்து. அந்தச் சிறுநீரகம் எத்தாளையில் போட் இஞ்சின் திருத்தும் ஜௌபருடையது. இப்போது அது அவருடைய மனைவி பஹ்மிதாவின் வயிற்றில் இருக்கிறது. படத்தில் ஜௌபரும் இல்லை, பஹ்மிதாவும் இல்லை. படம் பிடித்தவர் நெருங்கி நின்று பிடித்திருக்கிறார்.

பஹ்மிதாவுக்குக் காய்ச்சல் வந்து, வேனில் ஏற்றிக்கொண்டு வரும் வழியில்கூட அவள் வாய் ஓயவில்லை.

"குளிருது. ஜன்னல மூடுங்க."

"மூடித்தான் இரிக்கி."

"அப்ப உங்கட கிட்னிக்குத்தான் குளிருது. எனக்கு ஒண்டுமில்ல."

"எண்ட கிட்னி எண்ட வயித்துல இருக்கக்குள்ள ஒரு நாள் காய்ச்சல் வந்ததில்ல."

"எப்புடி வரும்? அங்க வேலையில்லாம கெடந்திச்சு. இங்க வந்து வேலை செய்யச் சொன்னவுடன படுத்துரிச்சு. உங்கடதானே, வேற எப்புடி இரிக்கும்?"

வேன்காரர் ஸ்டியரிங்கில் தட்டித் தட்டிச் சிரித்தார். அவள் சிரிக்க வைத்த கடைசி ஆள் அவர்தான்.

அன்று பின்னேரமே அவளைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றி, தொண்டைக்குள் குழாய் இறக்கி, மூச்சு விடும் வேலையை மெஷினிடம் ஒப்படைத்தார்கள். அங்கே பொறுப்பாக இருந்தவர் டொக்டர் சாருமதி. உடப்பைச் சேர்ந்த இளம் பெண். ஜௌபரைக் கூப்பிட்டு விளக்கினார்.

"இரத்தத்தில கிருமி ஏறிட்டுது. கிட்னி மாத்தின ஆக்கள் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற குளிசை குடிக்கிறவை. அதால கிருமியைத் தடுக்க உடம்பில ஆளில்லை. முதல் ஊசி முழு அளவில போகோணும். பிறகு கிட்னி செய்யிற வேலையைப் பாத்துக் கூட்டலாம், குறைக்கலாம். முதலாவதைக் குறைச்சா கிருமிக்குத்தான் லாபம்."

"அப்ப போடுங்க டொக்டர்."

"போடலாம்." அவர் கூரையைப் பார்த்தார். மேல்மாடியில்தான் கூட்ட அறை. "குழு சொல்லோணும்."

"நீங்க டொக்டர்தானே?"

"ஓம். ஆனா இது படத்தில இருக்கிற கிட்னி."

விஷயம் இதுதான். மற்றச் சிறுநீரகங்கள் சம்பந்தமாக வைத்தியர்கள் தாங்களே யோசித்துக்கொள்ளலாம். முன்மண்டபத்தில் படமாக மாட்டப்பட்டதற்கு மட்டும் மருந்தளவு நிர்ணய உயர் குழுவின் தீர்மானம் வேண்டும். முழு ஊசி போட்டு அந்தச் சிறுநீரகத்துக்கு ஏதாவது ஆகிவிட்டால் படத்தைக் கழற்ற வேண்டி வரும். கழற்றினால் சுவரில் வெள்ளையாக ஒரு சதுரம் தெரியும். அதற்கு என்ன செய்வது என்று எந்த விதியிலும் சொல்லப்படவில்லை.

குழு அன்றே கூடியது. இது நிலையத்தின் வேகத்துக்குச் சான்று என்று கூட்டறிக்கையில் முதல் வரியாகப் பதியப்பட்டது. ‘வேகம்’ என்பதா ‘விரைவு’ என்பதா என்ற விவாதத்தில் நல்ல நேரம் கழிந்தது. தீர்மானம் வரும்வரை நடுநிலை பேணும் பொருட்டு பஹ்மிதாவுக்கு அரை அளவு ஊசி போடும்படி கீழே சொல்லி அனுப்பினார்கள். கிருமிக்கும் சிறுநீரகத்துக்கும் இடையில் நிலையம் பக்கம் சாயாது என்பது இதன் பொருள்.

மறுநாள் ஜௌபரை மேலே அழைத்தார்கள். கதவில் ஒட்டியிருந்த நிகழ்ச்சி நிரலில் அவருடைய பெயர் இல்லை. ‘சிறுநீரகத்தின் முன்னாள் உரிமையாளர்’ என்றிருந்தது. அது தான்தான் என்று அவருக்குப் புரிய ஒரு பியோன் தேவைப்பட்டார்.

குழுவின் தலைவர் பேராசிரியர் ஸலாஹுதீன் மேசையின் தலைமாட்டில் இருந்தார். பக்கத்தில் சிறுநீரகப் பிரிவுத் தலைவர் டொக்டர் நஜாத். எதிரில் மொழி அலுவலர் மார்க்கண்டு, நெற்றியில் முன்னேஸ்வரத்துத் திருநீற்றோடு. கதவோரக் கதிரையில் சாருமதி. அவருக்குப் பார்வையாளர் அந்தஸ்து. பஹ்மிதாவைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் பக்கச்சார்பு வரக்கூடும் என்று வாக்குரிமை கொடுக்கப்படவில்லை.

"முன்னாள் உரிமையாளர் அவர்களே," என்று பேராசிரியர் தொடங்கினார், "மருந்தளவு நிறையை வைத்துக் கணிப்பது. உங்கள் மனைவி மெலிந்தவர். நீங்கள் அப்படியில்லை. சிறுநீரகமோ உங்களிடம் வளர்ந்து அவரிடம் வசிக்கிறது. நாங்கள் யாருடைய நிறையை எடுப்பது?"

"அவதானே கட்டில்ல கெடக்கா சேர்."

"அது வைத்தியக் கருத்து. இருவர் நிறையையும் கூட்டிப் பாதியாக்கலாம் என்று ஒரு பிரேரணை வந்திருக்கிறது."

அப்படிப் பாதியாக்கிய நிறையில் எத்தாளையில் ஆளே இல்லை. ஆனால் பிரேரணை வழிமொழியப்பட்டது.

டொக்டர் நஜாத் தொண்டையைச் செருமினார். "நான் மனம் திறந்து பேசுகிறேன். நோயாளிகள் வருவார்கள், போவார்கள். இந்தச் சிறுநீரகம் அப்படியல்ல. இதை வைத்து மூன்று மகாநாடுகளில் பேசியிருக்கிறேன். இதற்கு ஒரு முழு ஊசியால் கீறல் விழுவதை நான் உயிரோடு இருக்கும்வரை அனுமதிக்க மாட்டேன்."

குழு மேசையைத் தட்டி வரவேற்றது. யாருடைய உயிர் என்று எவரும் கேட்கவில்லை.

ஜௌபர் எழுந்தார். "சேர், எனக்குப் பெரிய கதை தெரியாது. அது எண்ட கிட்னிதான். எனக்கு அது வேணாம். பழுதாப் போனாப் போகட்டும். அவ முந்தி மாதிரி மெஷின்ல ரத்தம் சுத்திக்கிட்டு இரிக்கட்டும், நான் கெழமைக்குக் கெழமை கூட்டிக்கிட்டு வாறன். ஆளத் தாங்க."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நெகிழ்ச்சியான பேச்சு. ஆனால் நீங்கள் அதைக் கொடுத்துவிட்டீர்கள். கொடுத்த பொருளைப் பற்றிக் கருத்துச் சொல்லக் கொடுத்தவருக்கு உரிமை இல்லை."

"அப்ப என்னத்துக்கு சேர் என்னக் கூப்பிட்டீங்க?"

"உங்கள் கருத்தைக் கேட்க."

அப்போதுதான் கதவோரத்திலிருந்து சாருமதி கையை உயர்த்தினார். பார்வையாளருக்குக் கை உயர்த்த இடமுண்டா என்று பார்த்து, உண்டு என்று தெரிந்ததும், பேச விட்டார்கள். "சேர், நிலையத்திட சுற்றுநிருபத்திலயே இதுக்கு விடை இருக்கு. மாற்றுச் சிறுநீரகம் உள்ள நோயாளிக்கு இரத்தத்தில கிருமி ஏறினா, முதல் அளவைக் குறைக்காமல் குடுக்கோணும் எண்டு போன வருஷமே அனுப்பியிருக்கிறீங்க. நீங்கதான் கையெழுத்து."

பேராசிரியருக்குத் தன் கையெழுத்தின் மீது எப்போதும் மரியாதை. சுற்றுநிருபம் கொண்டுவரப்பட்டது. மூல வரைவு சிங்களத்தில். "பளமு மாத்ராவ சம்பூர்ணயென்ம லபா திய யுதுய." முதல் அளவு முழுமையாகவே கொடுக்கப்பட வேண்டும். சிங்களத்தில் மாத்ராவ என்றால் மருந்தின் அளவு. இதில் யாருக்கும் சந்தேகமில்லை.

ஆனால் ஒவ்வொரு நோயாளியும் தன் தாய்மொழியிலேயே பராமரிக்கப்படுவார் என்று நிலையத்தின் திறப்பு விழாவில் பேராசிரியர் வாக்குக் கொடுத்திருந்தார். பஹ்மிதா தமிழ் நோயாளி. ஆகவே அவளுக்குச் செல்லுபடியாவது தமிழ்ப் பிரதி. மார்க்கண்டு எழுந்து, தன் மொழிபெயர்ப்பைத் தானே ரசித்து வாசித்தார்.

"முதல் மாத்திரை முழுமையாகவே வழங்கப்படல் வேண்டும்."

"மாத்திரையா?" என்றார் நஜாத். "அது இந்தியாக்காரன் குளிசைக்குச் சொல்லும் சொல் அல்லவா? டீவி நாடகத்தில் மாமியாருக்குக் கொடுப்பார்களே."

"அதேதான்," என்றார் பேராசிரியர். "முதல் குளிசையை உடைக்காமல் முழுதாகக் கொடுக்க வேண்டும். தெளிவாகத்தானே இருக்கிறது."

"தொண்டைக்குள்ள குழாய் இருக்கு சேர்," என்றார் சாருமதி. "அவவால விழுங்க ஏலாது. இது ஊசி."

"அப்படியானால் நோயாளி சுற்றுநிருபத்துக்கு ஒத்துழைக்கவில்லை."

மார்க்கண்டுவின் முகம் சிவந்தது. தன் தமிழைக் குளிசை ஆக்கியதை அவரால் பொறுக்க முடியவில்லை. "தலைவர் அவர்களே, நான் குளிசை என்ற கருத்தில் எழுதவில்லை. மாத்திரை என்றால் அளவு. தூய சொல். இலக்கணத்தில் என்ன படித்தோம்? உயிர்க்குறிலுக்கு ஒரு மாத்திரை, உயிர்நெடிலுக்கு இரண்டு மாத்திரை, மெய்க்கு அரை மாத்திரை."

சாருமதி நிமிர்ந்தார். ஜௌபர் நிமிர்ந்தார். மார்க்கண்டு ‘மாத்திரை என்றால் அளவு’ என்பதோடு நிறுத்தியிருந்தால் பஹ்மிதா பிழைத்திருக்கக் கூடும். ஆனால் இலக்கணத்தைப் பாதியில் நிறுத்துகிற பழக்கம் அவருக்கு இல்லை.

"கடைசியாக என்ன சொன்னீர்கள்?" என்றார் டொக்டர் நஜாத்.

"மெய்க்கு அரை மாத்திரை."

"மெய் என்றால்?"

"புள்ளி வைத்த எழுத்து. க், ங், ச்... உடம்பு என்றும் பொருள்."

நஜாத் கதிரையில் சாய்ந்தார். வருடக் கணக்காகத் தேடிய ஆதாரம் கிடைத்தவரின் முகம். "உடம்புக்கு அரை அளவு. இதைத்தானே நான் நேற்றிலிருந்து சொல்கிறேன்! ஆங்கில சஞ்சிகைகள் இன்றைக்கு ஒன்று சொல்லும், நாளைக்கு ஒன்று சொல்லும். இது நம் முன்னோர் எப்போதோ முடிவு செய்த விஷயம்."

"ஐயா, அது எழுத்தின் ஒலிக்கு..." என்று மார்க்கண்டு இழுத்தார்.

"சொல் உங்களுடையது, மார்க்கண்டு," என்றார் பேராசிரியர் கனிவாக. "பொருள் குழுவுடையது."

ஜௌபர் பாடசாலையை விட்டு வந்து இஞ்சினோடு படுத்து எழும்பி எவ்வளவோ காலம். இருந்தாலும் ஒரு வார்த்தை மட்டும் அவர் காதில் தங்கியிருந்தது. "சேர், சேர், உயிருக்கு ஒண்டு எண்டு அவர் சொன்னாரே. உயிருக்கு ஒண்டுதானே? அப்ப முழுசாக் குடுங்க. உயிர் இன்னும் இரிக்கி சேர். நான் பாத்துட்டுத்தான் வாறன். உயிர் இரிக்கி."

இதைக் குழு எதிர்பார்க்கவில்லை. மார்க்கண்டு மகிழ்ந்துபோனார். "நியாயமான வாதம். உயிரும் மெய்யும் சேர்ந்தால் உயிர்மெய். உயிர்மெய்க்கு உயிரின் மாத்திரையே உரியது. மெய்யின் அரை மாத்திரை உயிரில் அடங்கிப்போகும்."

"ஆனால் உயிர் தானாக ஒலிக்க வேண்டும் அல்லவா?" என்றார் பேராசிரியர். "இவருக்கு மூச்சை விடுவது மெஷின். மெஷினைக் கழற்றிவிட்டு உயிர் இருக்கிறதா என்று பார்த்தால்தான் முழு மாத்திரைக்குத் தகுதி உண்டா என்று சொல்லலாம்."

"கழற்றினாச் செத்திடுவா," என்றார் சாருமதி.

"அப்படியானால் மெய்தான்."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அரை அளவு தொடரும். இனிப்புக்கு வட்டிலப்பம் வந்தது. ஜௌபருக்கும் ஒரு கிண்ணம் வைத்தார்கள். அவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு படி இறங்கி வந்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் ஐ.சி.யு. வாசல் வரை கொண்டுபோனார்.

அடுத்த கட்டிலில் சிலாபம் பக்கத்து மனிதர் ஒருவர். அவருக்கும் மாற்றுச் சிறுநீரகம், அவருக்கும் கிருமி. ஆனால் அவருடைய சிறுநீரகம் படத்தில் இல்லை. வீட்டில் சிங்களம் பேசுகிறவர் என்பதால் சிங்களப் பிரதிப்படி வந்த அன்றே முழு ஊசி போட்டிருந்தார்கள். அவர் இப்போது தலையணையில் சாய்ந்திருந்து, பாண் சரியில்லை என்று நேர்ஸோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி ஜௌபரின் கையிலிருந்த வட்டிலப்பத்தை வாங்கி, "இருங்க மல்லி, அழ வேணாம்," என்று, தம்பி என்பதை மட்டும் சிங்களத்திலும் மீதியைத் தனக்குத் தெரிந்த தமிழிலும் சொன்னார்.

ஜௌபர் அந்த மனிதரையும் பஹ்மிதாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு திரும்பி மாடிப்படியில் ஓடினார். தன்னுடைய ஒரே சிறுநீரகம் குலுங்கக் குலுங்க ஓடினார்.

"சேர், பஹ்மிதா சிங்களமும் கதைப்பா! சிலாபம் சந்தையில கருவாட்டுக்கு வெல பேசினா அவட சிங்களத்துக்கு முன்னால ஒருத்தனும் நிக்க ஏலாது. அவளுக்குச் சிங்களத்துல மருந்து குடுங்க."

பேராசிரியர் இதை நிராகரிக்கவில்லை. நிலையம் எந்தக் கோரிக்கையையும் நிராகரிப்பதில்லை. "மொழி மாற்றத்துக்கு ஏற்பாடு இருக்கிறது. நோயாளி வாய்மொழிப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும்."

அடுத்த நாள் காலை மார்க்கண்டு வெள்ளை மேலங்கி போட்டு, கை கழுவி, பஹ்மிதாவின் கட்டிலருகே குனிந்தார். மற்ற நோயாளிகளின் உறவினர்கள், அவர் ஏதோ ஓதுகிறார் என்று நினைத்து எழுந்து நின்றார்கள்.

"ஒயாகே நம மொகத்த?"

மெஷின் மூச்சு விட்டது.

"உங்கள் பெயர் என்ன என்று கேட்டேன். பதில் இல்லை," என்றார் மார்க்கண்டு.

"வாயில குழாய் இரிக்கே ஐயா," என்றார் ஜௌபர்.

"எழுத்திலும் பதில் தரலாம். நாம் இரக்கமில்லாதவர்கள் அல்ல." அவர் தன் பேனையை எடுத்து அவள் விரல்களுக்கிடையில் செருகினார். பேனை நழுவிக் கட்டிலடியில் உருண்டது. அதைத் தேடி எடுக்கச் சற்று நேரம் பிடித்தது. பிறகு, பாரபட்சம் காட்டக் கூடாது என்பதால், அதே கேள்வியைத் தமிழிலும் கேட்டார். தமிழிலும் பதில் இல்லை.

பேராசிரியர் பெறுபேற்றை அறிவித்தார். நோயாளி சிங்களத்தில் சித்தியடையவில்லை. தமிழிலும் சித்தியடையவில்லை. எனவே இவ்வளவு நாளும் தமிழ் நோயாளியாக நடத்தப்பட்டதே தவறு. மொழியற்ற நோயாளிக்கான சுற்றுநிருபம் இன்னும் வரையப்படவில்லை. அது வரும்வரை வழமை காரணமாக அரை அளவு.

அவர்கள் போன பிறகு ஜௌபர் குனிந்து அவள் காதருகே பேசினார். "ஒரு சொல்லு சொல்லி இருக்கலாமே பஹ்மி. எனக்கு மட்டும் எவ்வளவு ஏசுவாய். அந்த ஐயாவ ஒரு ஏச்சு ஏசி இருந்தாப் போதும்."

அவள் கால்கள் வீங்கியிருந்தன. மூத்திரப் பையில் எதுவும் சேரவில்லை.

சாருமதி வந்து பக்கத்தில் நின்றார். ஜௌபர் அவரைப் பார்க்காமல் கேட்டார். "டொக்டர், ஒருத்தருக்கும் சொல்லாம நீங்களே முழு ஊசியப் போட்டா என்ன?"

"முதல் நாள் போட்டிருக்கலாம்."

"இப்ப?"

அவர் கட்டில் விரிப்பை இழுத்துச் சரிசெய்தார். பிறகு, "எனக்குப் பயிற்சி முடியப் பேராசிரியர் கையெழுத்து வைக்கோணும்," என்றார். அதைச் சொன்னதும் தன் காலைப் பார்த்தார். ஜௌபரும் அவருடைய காலைப் பார்த்தார். திட்டுவதற்கு அவருக்குத் தெம்பு இருக்கவில்லை.

அன்று மாலை மேல்மாடியில் ஒரே ஆரவாரம். பஹ்மிதாவின் இரத்தத்தில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று அளந்து பார்க்கக் கொழும்புக்கு மாதிரி அனுப்பியிருந்தார்கள். முடிவு வந்துவிட்டது. மருந்து இருக்க வேண்டிய அளவுக்கே இருந்தது. டொக்டர் நஜாத் படியில் பாதி தூரம் இறங்கி வந்து ஜௌபரைக் கட்டிப்பிடித்தார்.

"இலக்கை அடைந்துவிட்டோம்! அரை அளவிலேயே! இதை வைத்து நான் அடுத்த மகாநாட்டில் பேசுவேன்."

ஜௌபரின் முகம் மலர்ந்தது. அவர் உள்ளே ஓடினார். "டொக்டர், மருந்து சரியா இரிக்காமே! அல்ஹம்துலில்லாஹ்!"

சாருமதி அவரைக் கதிரையில் இருக்கச் சொன்னார்.

"கிட்னி நிண்டுட்டுது. மருந்து வெளிய போக வழியில்லை. அதான் அரை அரையாச் சேர்ந்து அந்த அளவுக்கு வந்திருக்கு. இது முதல் நாள் இருக்க வேண்டிய அளவு. கிருமி அதுக்கு முந்தித் தன்ர வேலையை முடிச்சிட்டுது."

"அப்ப மேல ஏன் சிரிக்கிறாங்க?"

"அவைக்கு இலக்கம் மட்டும்தான் போனது."

மறுநாள் நண்பகல், லுஹர் பாங்குக்குச் சற்று முன்பு பஹ்மிதா மௌத்தானாள். மெஷின் இன்னும் கொஞ்ச நேரம் மூச்சு விட்டது. பிறகு ஒரு நேர்ஸ் அதை நிறுத்தினார்.

வேன் வந்து வாசலில் நின்றது. எத்தாளையில் கபுறு வெட்டத் தொடங்கிவிட்டார்கள். மையித்தைக் கொடுக்கக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து ஜௌபர் மறுபடியும் மேல்மாடிக்குப் போனார். குழு முழுமையாக இருந்தது. எல்லோர் முகத்திலும் உண்மையான துக்கம். டொக்டர் நஜாத்தின் கண்கள் சிவந்திருந்தன.

பேராசிரியர் எழுந்தார். "இன்று நாம் ஓர் ஈடு செய்ய முடியாத இழப்பைச் சந்தித்திருக்கிறோம். இந்த நிலையத்தின் முதல் சிறுநீரகம் இன்று நம்மிடம் இல்லை. கடைசிவரை எந்த மருந்தும் அதற்குத் தீங்கு செய்யவில்லை என்பது நமக்கு ஆறுதல். அனைவரும் எழுந்து மௌன அஞ்சலி செலுத்துவோம்."

கதிரைகள் நகர்ந்தன. எல்லோரும் தலை குனிந்து நின்றார்கள். ஜௌபரும் நின்றார். குளிரூட்டி மட்டும் இரைந்தது. பிறகு பேராசிரியர் தலையசைக்க, எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

ஜௌபர் உட்காரவில்லை.

"முன்னாள் உரிமையாளர் அவர்களே, நீங்களும் இருக்கலாம்."

"பஹ்மிதாவுக்கு?"

பேராசிரியர் நஜாத்தைப் பார்த்தார். நஜாத் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார்.

"அவர் தீவிர சிகிச்சைப் பிரிவின் நோயாளி," என்றார் பேராசிரியர் மெதுவாக. "இந்தக் குழு சிறுநீரகத்துக்கு மட்டும்."

"அப்ப நான் நிக்கிறன் சேர்."

மார்க்கண்டு கதிரையிலிருந்து பாதி எழும்பினார். தலைவரின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப அமர்ந்தார். கதவோரத்தில் சாருமதி மடியில் கைகளைக் கோத்தபடி இருந்தார். நிற்பவரை உட்காரச் சொல்ல விதியில் இடமில்லை, நிற்க விடுவதற்கும் இடமில்லை. ஆகவே அடுத்த விடயத்துக்குப் போனார்கள். மொழியற்ற நோயாளிகளுக்கான சுற்றுநிருபத்தை எந்த மொழியில் வரைவது என்பது அது.

இடையில் தேத்தண்ணீர் வந்தது. தட்டோடு வந்த பியோனுக்குப் போக வழியில்லை.

"நானா, கொஞ்சம் தள்ளுங்க."

ஜௌபர் கொஞ்சம் தள்ளி நின்றார்.